விருந்து வைத்துக் கப்பலைக் கடத்தியவர்கள்

கை ரிச்சி இயக்கி 2024-ல் வந்த 'தி மினிஸ்ட்ரி ஆஃப் அன்ஜென்டில்மன்லி வார்ஃபேர்' படத்தைப் போன வாரம்தான் பார்த்தேன். ரொம்பப் பிடித்தது. இரண்டாம் உலகப் போர்ப் படம் என்றாலே சேறு, ரத்தம், அழுகை என்று பழகியவர்களுக்கு இது வேறு ரகம். பெரிய மீசையோடு வரும் ஹென்றி கேவில், கைவிலங்கு மாட்டி மேலதிகாரிகள் முன்னால் உட்கார வைத்தாலும் அவர்கள் சுருட்டையே எடுத்துக்கொள்கிற ஆள். ஆலன் ரிட்ச்சன் வில்லும் அம்புமாக வந்தால் தியேட்டராக இருந்தால் விசில் பறந்திருக்கும்.

பார்த்தது கம்மவான்பேட்டையில், பெரியப்பா வீட்டில். வேலூர்ப் பக்கம் அந்த ஊரை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள், அத்தனை பேர் பட்டாளத்துக்குப் போன ஊர். பெரியப்பாவும் பென்ஷன் வாங்குகிறவர்தான். சிரித்துக்கொண்டே பார்த்தவர் கடைசிச் சண்டையில் மட்டும், "ரகசியமாப் போனவன் இவ்வளவு பேரைச் சுடுவானாடா? வந்த வேலை கப்பலை எடுத்துக்கிட்டுப் போறது" என்றார்.

அவர் சொன்னது அப்படியே சரி. இந்தப் படத்துக்கு அடிப்படையான நிஜச் சம்பவம் படத்தைவிட வேடிக்கையானது, அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவே.

1942 ஜனவரி 14 இரவு. ஆப்பிரிக்கக் கரையை ஒட்டி, ஸ்பெயினின் கையில் இருந்த பெர்னாண்டோ போ தீவு. போரில் சேராத நாட்டின் துறைமுகம் என்பதால் பிரிட்டன் அங்கே வெளிப்படையாக வாலாட்ட முடியாது. நின்றிருந்ததோ 'டுசெஸ்ஸா தாவோஸ்தா' என்ற இத்தாலியச் சரக்குக் கப்பல், கூடவே ஒரு ஜெர்மன் இழுவைப்படகு. பிரிட்டனின் எஸ்.ஓ.இ. என்ற ரகசிய அமைப்பு என்ன செய்தது தெரியுமா? கரையில் அந்தக் கப்பல் அதிகாரிகளுக்கு ஒரு விருந்து ஏற்பாடு செய்து, துறைமுகத்துக்கு முதுகு காட்டி உட்காருகிற மாதிரி நாற்காலியைக்கூடப் போட்டு வைத்தது! அவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே கஸ் மார்ச்-பிலிப்ஸின் (படத்தில் ஹென்றி கேவில் நடித்தவர்) ஆட்கள் கப்பலில் ஏறி, நங்கூரச் சங்கிலிகளை வெடி வைத்து அறுத்து, லாகோஸிலிருந்து கொண்டுவந்த இழுவைப்படகுகளில் கட்டி இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். வெடிச் சத்தத்தைக் கேட்டு விமானத் தாக்குதல் என்று நினைத்துக் கரையிலிருந்தவர்கள் வானத்தைப் பார்த்துச் சுட்டார்கள். பிரிட்டன் பக்கம் ஒரு உயிர்கூடப் போகவில்லை.

படத்திலும் விருந்து உண்டு, ஆனால் அதைத் தாண்டித் துப்பாக்கிதான் பேசுகிறது. அந்த நாற்காலி யோசனையை மட்டும் பத்து நிமிடம் நிதானமாகக் காட்டியிருந்தாலே வயிறு வலிக்கச் சிரித்திருப்போம், யாராவது திரும்பிப் பார்த்துவிடுவார்களோ என்று பயமும் சேர்ந்திருக்கும்.

அப்புறம், இந்த மனிதர்களை வெறும் ஜாலி ஆட்களாக மட்டும் நினைத்துவிடக் கூடாது. மார்ச்-பிலிப்ஸ் அதே 1942 செப்டம்பரில் பிரான்ஸ் கரையில் இறந்தார். அவர் கூட்டாளி, படத்தில் வில்லும் அம்புமாக வரும் ஆண்டர்ஸ் லாசன், 1945 ஏப்ரலில், போர் முடிய ஒரு மாதம்கூட இல்லாதபோது இத்தாலியில் இறந்தார். பிரிட்டனின் உயரிய வீர விருதான விக்டோரியா கிராஸ் அவருக்கு அதன் பிறகுதான் வந்தது.

இதே மாதிரி ஒன்று நம் நாட்டுக் கடற்கரையிலும் நடந்திருக்கிறது. 1943 மார்ச்சில், போர்த்துக்கீசியர் கையில் இருந்த கோவாவின் மர்மகோவா துறைமுகத்தில் நின்ற 'ஏரன்ஃபெல்ஸ்' என்ற ஜெர்மன் கப்பலைத் தாக்கப் போனவர்கள், கல்கத்தாவில் வியாபாரமும் வேலையுமாக இருந்த நடுத்தர வயது வெள்ளைக்காரர்கள். அங்கேயும் மாலுமிகளைக் கரைக்கு இழுக்கக் கொண்டாட்டம்தான் தூண்டில். 1980-ல் வந்த 'தி சீ வுல்வ்ஸ்' அந்தக் கதைதான், கிரிகரி பெக்கும் ரோஜர் மூரும் நடித்தது. பெரியப்பாவிடம் சொன்னேன், அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதைப் போடச் சொல்லியிருக்கிறார்.