பூக்கட்டும் நூல்

நாய்க்கு எக்ஸ்ரே எடுக்கும் வேலையில் பொத்தானை அமுக்குவது கடைசி நொடிதான். அதற்கு முந்தைய இருபது நிமிடமும் அதைப் படுக்க வைப்பதிலேயே போய்விடும். மனிதர்களிடம் 'மூச்சை இழுத்துப் பிடிங்க' என்று சொல்லிவிடலாம். லாப்ரடாரிடம் சொல்ல முடியாது. அது மூச்சை இழுத்து நெஞ்சு விரியும் நேரம் பார்த்து நாம்தான் அமுக்க வேண்டும். காலுக்கு மணல் பை, எனக்கு ஈய ஏப்ரன், உடம்பில் பட்ட கதிர்வீச்சின் அளவு பார்க்க மூன்று மாதத்துக்கு ஒருமுறை அனுப்பும் பேட்ஜ். சித்திரை வெயிலில் அந்த ஏப்ரனுக்குள் நின்று பார்த்தால்தான் தெரியும்.

சேர்ந்த புதிதில் ஒரு கிழட்டு பொமரேனியனின் நெஞ்சுப் படத்தில் பட்டாணி அளவுக்கு ஒரு வெள்ளை வட்டம் வந்தது. பால்மடியில் புற்றுக்கட்டி வந்திருந்த நாய். நுரையீரலுக்கும் பரவிவிட்டது என்று நானே முடிவு கட்டிவிட்டேன். டாக்டரம்மா படத்தைப் பார்த்தார். நாயின் நெஞ்சைத் தடவினார். ஒரு முலைக்காம்பில், எக்ஸ்ரேயில் வெள்ளையாகத் தெரியும் பேரியம் மருந்தைத் துளி தடவி மறுபடி எடுக்கச் சொன்னார். அதே வட்டம், இந்த முறை பளிச்சென்று! நான் கட்டி என்று நினைத்தது வெறும் முலைக்காம்பு. இரண்டு பக்கமும் படுக்க வைத்து ஒவ்வொன்று, மல்லாக்க வைத்து ஒன்று என மூன்று படம் எடுக்கச் சொன்னதன் அர்த்தமும் அப்போதுதான் புரிந்தது. படுத்த பக்கத்து நுரையீரலில் காற்று குறைந்துவிடும். அங்கே கட்டி இருந்தாலும் கண்ணுக்குப் படாது.

இல்லாததை இருப்பதாக நினைத்த கதை அது. இருந்ததை நான் தவறவிட்ட கதையும் உண்டு.

கோயில் வாசலில் பூ விற்கும் அக்கா ஒருவர் கூடையில் பூனையைக் கொண்டு வந்தார். இரண்டு நாளாக வாந்தி, தண்ணீர்கூடத் தங்கவில்லை. எக்ஸ்ரேயில் எலும்பு, காசு, ஊசி எதுவும் இல்லை. "ஒண்ணுமில்லக்கா" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். படம் பார்த்துச் சொல்வது என் வேலையே இல்லை.

டாக்டரம்மா ஸ்கேன் பார்க்க வேண்டும் என்றார். வயிற்று முடியை மழித்து, ஜெல் தடவி, ஸ்கேன் கருவியின் புரோபை வைத்தார். பாவாடை நாடாவை இழுத்தால் துணி சுருங்குமே, அப்படிச் சுருங்கிக் கிடந்தது குடல். உடனே பூனையின் வாயைத் திறந்து, தாடைக்கு அடியிலிருந்து கட்டைவிரலால் நாக்கை மேலே தள்ளினார். நாக்கின் அடியில் சுற்றிக்கொண்டு ஒரு வெள்ளை நூல். பூக்கட்டும் நூல். அது எக்ஸ்ரேயில் தெரியாது.

"அதைப் பிடிச்சு இழுத்துடுங்கம்மா" என்றார் அக்கா. நூலின் மறுமுனை குடலுக்குள் இருந்தது; இழுத்தால் நூல் குடலை ரம்பம்போல அறுத்துவிடும். அன்று இரவே ஆபரேஷன். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "ஒண்ணுமில்லன்னு சொன்னீங்களே தம்பி?" என்னிடம் பதில் இல்லை.

பத்து நாள் கழித்துத் தையல் பிரிக்க வந்தபோது டாக்டரம்மாவுக்கு இரண்டு முழம் மல்லிகை கொண்டு வந்திருந்தார். "இப்பல்லாம் நாருலதாம்மா கட்டுறேன்."

"நாரையும் டப்பால போட்டு மூடி வைங்க" என்றார் டாக்டரம்மா.