கன்னியாவிலிருந்து ஒரு பிளாஸ்க்

நுவரெலியாவுக்குப் போவதென்று முடிவானதுமே அம்மா பிளாஸ்க்கைத் தேடத் தொடங்கிவிட்டார். தேத்தண்ணிக்கென்று வீட்டில் ஒன்று இருக்கிறது. அது வேண்டாமாம், பால் மணக்குமாம். தங்கச்சியின் மகன் பிறந்தபோது ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன பழைய சிவப்புப் பிளாஸ்க்தான் வேண்டும். அலுமாரிக்கு மேலிருந்து அதை இறக்கி, புளி போட்டுக் கழுவி, புறப்படுவதற்கு முதல் நாள் பின்னேரம் ஓட்டோ பிடித்துக் கன்னியாவுக்குப் போய் நிரப்பிக்கொண்டு வந்தார்.

“இது ஆருக்கம்மா?”

“சீதையம்மனுக்கு.”

நுவரெலியாவுக்குக் கிட்ட இருக்கிற சீதா எலிய சீதையம்மன் கோயிலுக்கு 2024 மே மாதம் கும்பாபிஷேகம் நடந்தது. அயோத்தியிலிருந்து சரயு நதியின் தண்ணீர் வந்ததைச் செய்தியில் பார்த்ததிலிருந்து அம்மாவுக்கு ஒரே யோசனை. அவ்வளவு தூரத்திலிருந்து மாமியார் வீட்டுத் தண்ணி வரலாமென்றால், இந்த நாட்டிலேயே இருக்கிற நாங்கள் வெறுங்கையோடு போவதா? அதுவும் குளிருக்குள் இருக்கிற பிள்ளைக்குச் சுடுதண்ணி கொடுக்காமல்?

கன்னியாவைத் திருகோணமலைக்காரருக்குச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஊரிலிருந்து அனுராதபுரம் போகிற வீதியில் சுமார் 8 கிலோமீற்றரில், ஒரே முற்றத்துக்குள் 7 சிறிய வெந்நீர்க் கிணறுகள். பக்கத்துப் பக்கத்தில் இருந்தும் ஒன்றின் சூடு மற்றதில் இல்லை. தாய் இறந்துவிட்டாள் என்று கேள்விப்பட்ட இராவணன், அவளுக்கு இறுதிக் கடன் கழிக்கத் தண்ணீர் வேண்டி வாளால் ஏழு இடத்தில் குத்தினான் என்பது கதை. அப்பாவின் அந்தியேட்டியும் அங்கேதான் நடந்தது.

“இராவணன் தாய்க்குக் கடன் செய்த தண்ணியம்மா. அதைப் போய்ச் சீதைக்கு ஊத்தலாமோ?” என்று கேட்டேன்.

“தண்ணிக்கு அதெல்லாம் தெரியுமே?” என்றார். பிளாஸ்க்கின் மூடியைத் துணி சுற்றி இறுக்கினார்.

அது தை மாதம். பயணம் என்றால் எங்கள் ஊர்ச் சிவன் கோணேசரிடம் சொல்லாமல் வீட்டுப் படி இறங்குவதில்லை என்பது எங்கள் வீட்டு வழக்கம். அன்று மாலை போனபோது வாடைக்காற்று குடையைப் புரட்டியது. கோட்டைக்குள் மான்களெல்லாம் மரத்தடிகளில் ஒட்டி நின்றன. கோயில் இருக்கிற சுவாமிமலை உச்சியில் நின்றால் கடல் கீழே கறுத்துக் கிடந்து பாறையில் மோதுவது காலுக்குள் கேட்கும். கண்ணால் பார்ப்பதற்கு முதல் காலுக்குத் தெரிந்துவிடும். பாறை பிளந்து கிடக்கிற இராவணன் வெட்டுக்குப் பக்கத்தில் கைகூப்பி நிற்கிற இராவணன் சிலை தலைமுதல் கால்வரை நனைந்திருந்தது. மாதுமை அம்பாளிடம் தங்கச்சி கொஞ்சம் கூடுதல் நேரம் நின்றாள். அவளுடைய அவர் பிரான்சில், ஸ்பொன்சர் கடதாசி போட்டு மூன்று வருடம். மகனுக்கு நாலு வயது. தகப்பனை போனில்தான் தெரியும். சீதையம்மனிடம் போவதற்கு உண்மையான காரணம் இதுதான். பிரிந்து காத்திருந்தவளுக்குத்தான் காத்திருக்கிறவளின் கஷ்டம் விளங்கும் என்பது அம்மாவின் கணக்கு. “இவளுக்குச் சரிவந்தால் சேலை சாத்துறன்” என்று நேர்த்தி.

விடிய மூன்று மணிக்கு வான். மழையோடு மழையாகக் கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை. மாத்தளை முத்துமாரியம்மனிடம் ஒரு அருச்சனை. கண்டி, கம்பளை கழிந்து ஏற்றம் தொடங்கியதும் பிள்ளை சத்தி எடுத்தான். இறம்பொடை அனுமாரை வானுக்குள் இருந்தே கும்பிட்டோம், மன்னிப்பார். 250 கிலோமீற்றருக்கு மேல் வந்து இறங்கியபோது பின்னேரம் மூன்று மணி. எங்களுக்குத் தெரிந்த குளிர் என்பது ஐஸ் பெட்டியைத் திறக்கும்போது முகத்தில் அடிப்பதுதான். கதவைத் திறந்ததும் அதுவே ஊர் முழுக்க இருந்தது.

இரவு போர்வை மூன்று போர்த்தும் அம்மா தூங்கவில்லை. விடியப்புறம் ஐந்தரைக்கு என்னைத் தட்டி எழுப்பினார். “பிள்ளை, வெளியில ஆரோ சுண்ணாம்பு தெளிச்சிருக்கினம்.”

குதிரைப் பந்தயத் திடல் பக்கமாக நடந்தோம். புல்லெல்லாம் வெள்ளை. குனிந்து ஒரு புல்லைத் தொட்டேன். ஓரங்களில் மட்டும் சின்னச் சின்ன ஊசிகள், உப்பளத்தில் உப்புப் பூக்கிற மாதிரி. விரல் பட்டதும் தண்ணீர். துகள் உறைபனி என்று பத்திரிகைகளில் போடுகிறார்களே, அதுதான். பெயரைப் பார்த்து மேலேயிருந்து கொட்டுகிறது என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. ஊர் இருப்பது 1868 மீற்றர் உயரத்தில். தை, மாசியில் முகிலில்லாத இரவாக இருந்தால் நிலம் தன் சூட்டையெல்லாம் வானத்துக்கு விட்டுவிடும், புல்லில் படிகிற ஈரம் அப்படியே உறைந்துவிடும். வெயில் ஏறினால் காணாமல் போய்விடும். அழகுதான். ஆனால் தேயிலைக்கு ஆகாது. பனி பட்ட கொழுந்து வெயிலில் கருகிப் போகும் என்று தேத்தண்ணிக் கடைக்காரர் சொன்னார். கருகினால் கொழுந்து எடுக்கிறவர்களுக்கு வேலையும் குறையும். அதைக் கேட்ட பிறகு போட்டோ எடுக்க அவ்வளவு மனம் வரவில்லை.

சீதையம்மன் கோயில் அங்கிருந்து பதுளை வீதியில் சுமார் 5 கிலோமீற்றர். வளைவொன்றில் வீதியோரத்திலேயே இருக்கிறது. எங்கள் ஊர்க் கோயில்களைப் பார்த்த கண்ணுக்குச் சின்னதுதான். ஆனால் பின்னால் மலை, இருட்டுக் கட்டிய காடு, பக்கத்தில் பாறைகளுக்கு மேலாக ஓடிவருகிற ஆறு. இராமர், சீதை, இலட்சுமணர் உள்ளே. ஆற்றங்கரைப் பாறையிலுள்ள குழிகளை அனுமாரின் கால்தடம் என்கிறார்கள். இதுதான் அசோகவனமாம். அதே பாதையில் கொஞ்சம் போனால் ஹக்கல பூங்கா. 1861இல் வெள்ளைக்காரர் அதைத் தொடங்கியது சிங்கோனா மரம் வளர்க்க, அதாவது காய்ச்சல் மருந்துக்காக. அதையும் சேர்த்துத்தான் சீதையிருந்த காடு என்பார்கள்.

அந்த நேரத்தில் கோயிலில் கூட்டமே இல்லை. தலையில் கம்பளித் துணி சுற்றிய இரண்டு தோட்டத்து அம்மாக்கள், பூக்கடைத் தங்கச்சி ஒருத்தி, நாங்கள். “எங்கேருந்து வர்றீங்க அக்கா?” என்று பூக்கடைத் தங்கச்சி கேட்டாள். திருகோணமலை என்றதும், “அங்க கடல் இருக்கில்ல? நான் கடலே பாத்ததில்ல” என்றாள். நாங்கள் பனி பார்த்து வாய் பிளந்து நின்ற கதையைச் சொன்னதும் இரண்டு பக்கத்துக்கும் சிரிப்பு.

அம்மா ஐயரிடம் பிளாஸ்க்கை நீட்டினார். கன்னியா, இராவணன், சரயு எல்லாம் ஒரே மூச்சில் சொன்னார். ஐயர் இளவயதுக்காரர். பிளாஸ்க்கைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். அபிஷேகம் முடிந்துவிட்டது என்றார். “ஆத்துல விடுங்கம்மா, அம்மன் குளிச்ச ஆறுதான் அது.”

செருப்பைக் கழற்றிவிட்டுப் பாறையில் இறங்கினோம். காலை வைத்தேன். சுடுகிறது என்றுதான் முதலில் தோன்றியது. அப்புறம்தான் எலும்புக்குள் குளிர் ஏறியது. அம்மா குந்தியிருந்து பிளாஸ்க்கைத் திறந்தார். முந்தநாள் பின்னேரம் ஊற்றியது, இளஞ்சூடாவது இருக்குமென்று நம்பியிருந்தார். விரலை விட்டுப் பார்த்தார். முகம் வாடிவிட்டது. “ஆறிப்போச்சு, பிள்ளை.” ஆனாலும் ஒரு சொட்டு மிச்சம் விடாமல் ஊற்றினார். ஆற்றில் அது விழுந்த இடத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். தங்கச்சி அவருக்குப் பின்னால், மகனைத் தூக்கிக்கொண்டு, கண்ணை மூடியபடி. அவள் என்ன கேட்டாள் என்று நான் கேட்கவில்லை.

இனிச் சித்திரைப் பயணம். விசா வரவில்லை. ஆனால் அம்மா சேலை வாங்கிவிட்டார், அரக்குக் கரை வைத்த மஞ்சள் பட்டு. நேர்த்தி நிறைவேறினால்தானே கொடுப்பது என்றேன். “வந்த பிறகு குடுத்தா அது கூலி” என்றார். இதற்கு மேல் யார் பேசுவது?

புத்தாண்டுக்கு மருத்துநீர் வைத்து முழுகி, கோணேசரிடம் போய், கைவிசேடம் வாங்கி, இரண்டாம் நாள் புறப்பட்டோம். 1622இல் போர்த்துக்கேயர் பழைய கோயிலை இடிக்கப் புகுந்ததும் ஒரு சித்திரைப் புத்தாண்டு அன்றுதான் என்பார்கள். அந்தக் கல்லில் கட்டிய கோட்டைக்கு ஊடாகத்தான் இன்றைக்கும் நடந்து மேலே போகிறோம். புத்தாண்டு அன்று அந்த வாசலைக் கடக்கும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் இது ஞாபகம் வரும். வெயிலில் உச்சிப் பாறை கால் வைக்க முடியாமல் கொதித்தது. சிலையின் நிழலில் ஆட்கள் நெருக்கியடித்து நின்றார்கள்.

தையில் நாங்கள் பார்த்த நுவரெலியா வேறு ஊர். ஏப்ரலில் அங்கே சீசன். குதிரைப் பந்தயம், கார்ப் பந்தயம், விக்டோரியா பூங்காவில் பூக்கள், கிரகரி வாவி முழுக்கப் படகுகள். 1873இல் வெட்டிய அந்த வாவி தையில் புகைமூட்டத்துக்குள் தனியே கிடந்தது. இப்போது கரையில் நிற்க இடமில்லை. தையில் நாங்கள் தங்கிய அதே அறைக்கு மூன்று மடங்கு வாடகை, சுடுதண்ணியும் வரவில்லை. முறையிட்டதற்கு “சீசன்தானே” என்றார்கள், அதுவே பதில் என்பதுபோல. பகலில் வெயில் இதமாக இருந்தது. பின்னேரம் இடியோடு மழை. அம்மாவுக்கு மட்டும் சந்தோஷம், வீதியோரத்தில் லீக்ஸும் கரட்டும் பீட்ரூட்டும் மலைபோல் குவித்திருந்தார்கள்.

கோயிலுக்கு ஒரு கிலோமீற்றருக்கு முன்னாலேயே வாகன வரிசை. உள்ளே வட இந்தியாவிலிருந்து வந்த பெரிய குழுவொன்று, “ஜெய் ஸ்ரீராம்” சத்தத்தில் ஆற்றின் சத்தமே அமுங்கியது. எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான், மறைக்கவில்லை. தையில் எங்களுக்கு மட்டும் சொந்தமாக இருந்த இடம் என்று ஒரு பொய்யான உரிமை. ஆனால் அந்தக் கூட்டத்தில் ஒரு கிழவி ஆற்றில் கையை விட்டு எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுததைப் பார்த்ததும் எரிச்சல் போய்விட்டது. சீதைக்காக இப்படி அழ எனக்கு வராது.

அவர்களின் வழிகாட்டிப் பையன் மலையகத்துத் தமிழன். நாங்கள் திருகோணமலை என்று அறிந்ததும் அந்தக் கிழவியிடம் ஏதோ சொன்னான். கிழவி அம்மாவின் பக்கம் திரும்பிக் கேட்டதை அவனே தமிழில் சொன்னான். “ஒங்க ஊர்ல ராவணன கும்பிடுவீங்களான்னு கேக்குறாங்க.”

எல்லோரும் அம்மாவைப் பார்த்தார்கள். அம்மா யோசித்தார்.

“நாங்கள் அவரைக் கும்பிடுறேல்ல. அவரும் எங்களோட நிண்டு கும்பிடுறார்.”

பையன் அதை எப்படிச் சொன்னானோ தெரியாது. கிழவி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கு அந்தப் பதில் பிடித்தது. சம்பந்தர் கோணமாமலைக்குப் பாடியதிலும் எட்டாம் பாட்டில் கயிலை மலையெடுத்த இராவணன் வருவான், சிவனின் கால்விரலால் நசுங்குவான், அருளும் பெறுவான். அவருடைய பதிகங்களில் எட்டாம் பாட்டு பெரும்பாலும் அவனுக்குத்தான். சின்ன வயதிலிருந்து அதைப் படித்து வளர்ந்த எங்களுக்கு அவன் தப்புச் செய்த சொந்தக்காரன் மாதிரி. சீதையின் முன்னால் நிற்கும்போது மட்டும் அந்த உறவை வெளியில் சொல்லக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

சேலையை ஐயர் சாத்தியபோது திரை விலகியது. மஞ்சளில் அம்மன். தங்கச்சி இந்த முறை கண்ணை மூடவில்லை. போனில் வீடியோ எடுத்து பிரான்சுக்கு அனுப்ப வேண்டுமென்று கையை நீட்டினாள். உள்ளே எடுக்கக் கூடாது என்று யாரோ அதட்ட, மடக்கிக்கொண்டாள். போகும்போது அம்மா அதே சிவப்புப் பிளாஸ்க்கில் ஆற்றுத் தண்ணீரை நிரப்பிக்கொண்டார்.

“இது ஆருக்கம்மா?”

“ஊருக்குப் போய்ச் சொல்றன்.”

வழியில் தம்புள்ளைக்குக் கிட்ட பிள்ளை தண்ணி கேட்டான். போத்தல் எல்லாம் முடிந்திருந்தது. தங்கச்சி பிளாஸ்க்கைத் திறந்து பாதியைக் கொடுத்துவிட்டாள். அம்மா நித்திரையிலிருந்து எழும்பிப் பார்த்துத் திட்டப்போகிறார் என்று நினைத்தோம். “குளிரா இருந்ததோ?” என்று மட்டும் பேரனிடம் கேட்டார்.

மறுநாள் பின்னேரம் சுவாமிமலைக்கு ஏறினோம். அம்மா கோணேசரைக் கும்பிட்டார், மாதுமை அம்பாளைக் கும்பிட்டார், பிறகு நேராக இராவணன் வெட்டுப் பக்கத்துக் கம்பி வேலிக்கு வந்தார். தொட்டில் கட்டிய மரத்தடியில் பையை வைத்துவிட்டுப் பிளாஸ்க்கைத் திறந்தார். சிலைக்குக் கிட்டப் போக முடியாது. வேலிக்கு மேலால் கையை நீட்டினார்.

“சீதையின்ர ஆத்துத் தண்ணி. கொஞ்சம் குளிரட்டும் இவருக்கு” என்று சொல்லிக் கவிழ்த்தார்.

கடற்காற்று அதை அப்படியே திருப்பிக்கொண்டுவந்து எங்கள் எல்லோரின் முகத்திலும் அடித்தது. பிள்ளைதான் முதலில் சிரித்தான்.