டர்பன் வீட்டுக்கு எந்தக் கார்ப்பெட்?

போன வருஷம் எங்கள் ஆயா (பாட்டி) டைல்ஸ் தரையில் இரண்டு தடவை வழுக்கி விழுந்தார்கள். இரண்டாவது தடவை மணிக்கட்டு வீங்கிவிட்டது, அன்றைக்கே அவர்கள் அறைக்குக் கார்ப்பெட் போட்டுவிடுவது என்று முடிவு செய்தோம்.

ஜோகன்னஸ்பர்க் பக்கம் லெனேசியாவில் அத்தை வீட்டில் எல்லா அறையிலும் நல்ல கனமான கம்பளிக் கார்ப்பெட். இங்கே தென்னாப்பிரிக்காவில் ஜூலை குளிர்காலம், அந்த மாதக் காலையில் அதில் கால் வைத்தால் எடுக்கவே மனசு வராது. அதே மாதிரி வாங்கலாம் என்றுதான் நினைத்தோம். ஆனால் ஜோகன்னஸ்பர்க் 1,700 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஊர், குளிர்காலத்தில் காற்று காய்ந்து கிடக்கும். டர்பன் அப்படியா? பிப்ரவரியில் அலமாரிக்குள் வைத்த தோல் செருப்பே பூத்துப்போகிறது. கம்பளி தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும், தொட்டால் தெரியாது. ஜன்னல் திறக்காத அறையில் அந்த ஈரம் போக வழியில்லை, அப்புறம் பூஞ்சை, அந்துப்பூச்சி எல்லாம் வரும். ஆஸ்துமா இருப்பவர்கள் வீட்டில் சுவருக்குச் சுவர் கார்ப்பெட்டே வேண்டாம் என்பேன். தூசியில் வாழும் நுண்பூச்சிகளுக்கு ஈரக்காற்று என்றால் கொண்டாட்டம். வெயிலில் எடுத்துப்போட முடிகிற சின்ன விரிப்பு போதும், அடியில் வழுக்காத ரப்பர் ஷீட் கட்டாயம் வையுங்கள்.

சரி, கம்பளி இல்லையென்றால் நைலானா, பாலிப்ரொப்பிலீன் என்கிற பிளாஸ்டிக் இழையா? கடையில் விலை குறைந்த துண்டைக் காட்டி "இதுவும் நைலான்தான்" என்றார்கள். ஓரத்தில் பிரிந்திருந்த இழை ஒன்றைக் கேட்டு வாங்கி வந்து, டம்ளர் தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திரச் சோப்பு விட்டு, இழையை விரலால் நன்றாக அமுக்கிவிட்டுப் பார்த்தேன். மேலே மிதந்து வந்துவிட்டது. பாலிப்ரொப்பிலீன் தண்ணீரைவிட லேசு. நைலான் கனம், மூழ்கிவிடும். மறுநாள் வேறு கடைக்குப் போனோம்.

பாலிப்ரொப்பிலீன் மோசம் என்று சொல்லவில்லை. ஈரம் குடிக்காது, மஞ்சள் கறையும் அதில் எளிதில் பிடிக்காது. ஆனால் நடக்கிற இடத்தில் சீக்கிரம் அமுங்கிப்போகும், எண்ணெய்ப் பிசுக்கை விடாது, சூட்டையும் தாங்காது. எரிகிற கற்பூரம் விழுந்தால் அந்த இடம் உருகிவிடும். நைலான் மிதித்தாலும் திரும்ப நிமிரும், வருஷக்கணக்கில் உழைக்கும். ஆனால் மஞ்சள் பட்டால் சாயம் போட்ட மாதிரிதான். இதில் ஒரு விஷயம் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். தைப்பூசக் காவடி முடிந்து வந்த அன்று அம்மாவின் கையிலிருந்து மஞ்சள் தண்ணீர் ஹால் விரிப்பில் சிந்தியது. பதறிப்போய்ச் சோப்புத்தூள் போட்டுத் தேய்த்தார்கள், மஞ்சள் அப்படியே செக்கச்செவேல் என்று ஆகிவிட்டது. மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்தால் குங்குமச் சிவப்பு வருமே, அதே வேலையைச் சோப்பின் காரம் செய்திருக்கிறது. தேய்க்காமல் பழந்துணியால் ஒற்றி எடுத்து, தண்ணீர் கலந்த வெள்ளை வினிகரைத் தொட்டு ஒற்றுங்கள், சிவப்பு மறுபடி மஞ்சளாகும். மிச்சத்தை வெயில் பார்த்துக்கொள்ளும், மஞ்சள் நிறம் வெயிலில் வெளுக்கும்.

ஆயா அறையில் சாமி படம் இருப்பதால் விளக்கு வைக்கிற மூலையை மட்டும் டைல்ஸாகவே விட்டுவிட்டு, மீதிக்கு இழை குட்டையான, நெருக்கமான லூப் (நுனி வெட்டாமல் வளையமாக விட்ட இழை) நைலான் எடுத்தோம். புசுபுசுவென்று உயரமான இழை கைத்தடிக்காரர்களுக்கு ஆகாது, தடி புதையும், கால் தடுக்கும்.

அளவு எடுக்கும்போது ரோலின் அகலத்தைக் கேளுங்கள். 3.66 மீட்டர் அல்லது 4 மீட்டர்தான் பெரும்பாலும் வரும். உங்கள் அறையின் குறுகின பக்கமே 4.2 மீட்டர் என்றால் ஒட்டுப்போட்டே ஆகவேண்டும். இரண்டு துண்டிலும் இழை ஒரே பக்கம் சாய்ந்திருக்க வேண்டும், இல்லையென்றால் இரண்டும் வேறு வேறு நிறமாகத் தெரியும்.

நாங்கள் ஏமாந்தது அண்டர்ஃபெல்ட்டில், அதாவது கார்ப்பெட்டுக்கு அடியில் விரிக்கிற மெத்தை மாதிரியான விரிப்பில். புதுசு போடுவதாகக் காசு வாங்கிவிட்டு, போட வந்தவர்கள் எங்கேயோ கழற்றின பழசை விரித்துவிட்டுப் போனார்கள். மூன்றே வாரத்தில் கட்டில் ஓரம் பள்ளமானது, ஒரு வாடையும் வந்தது. தூக்கிப் பார்த்துச் சண்டை போட்ட பிறகுதான் மாற்றிக் கொடுத்தார்கள். அண்டர்ஃபெல்ட் விரித்ததும் "நில்லுங்கள், நான் பார்க்கிறேன்" என்று சொல்லிவிட்டு, குனிந்து தொட்டுப் பாருங்கள். சிமெண்ட் தரை என்றால் அதற்கு முந்தின நாளே ஒரு பிளாஸ்டிக் ஷீட்டை நாலு பக்கமும் டேப் ஒட்டி வையுங்கள். மறுநாள் ஷீட்டுக்கு அடியில் நீர் கோத்திருந்தால் அந்தத் தரைக்கு இப்போது கார்ப்பெட் போடக் கூடாது.

ஆயா இப்போது காலையில் செருப்பில்லாமல் தடியை ஊன்றி ஜன்னல் வரைக்கும் நடந்து போய், தானே திறந்து வைக்கிறார்கள்.