அம்மா எப்போது வந்தார் என்பதற்கு ஒரு தாள்

அம்மாவுக்கு இதய வால்வு மாற்ற வேண்டும் என்று 2025 செப்டம்பரில் டாக்டர் சொன்னார். உயிருக்கு உடனே ஆபத்தில்லை, ஆனால் மூன்று மாதத்துக்கு மேல் தள்ளாதீர்கள் என்றார். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்றும் கேட்டார். எங்களிடம் இல்லை. வீட்டில் யாருக்கும் பெரிய நோய் வராததால் எடுக்காமலே இருந்துவிட்டோம்.

நாங்கள் புழல் காவாங்கரையில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமில் இருக்கிறோம். அந்தக் காப்பீட்டில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை உண்டு. பொதுவாகக் குடும்ப வருமானம் ஆண்டுக்கு 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். முகாமில் இருப்பவர்களுக்கு அந்த வரம்பு கிடையாது. வருமானச் சான்றுக்கு அலைய வேண்டியதில்லை, முகாம் பதிவேட்டில் பெயர் இருக்கிறது என்று ஒரு சான்று வாங்கினால் போதும், ஒரு நாள் வேலை என்றுதான் நினைத்தேன். ஏழு வாரம் ஆனது.

முதலில் இனிஷியல் தகராறு. முகாம் அட்டையில் அம்மா பெயருக்கு முன்னால் தாத்தாவின் எழுத்து, ஆதாரில் அப்பாவின் எழுத்து. ஊரில் கல்யாணத்துக்குப் பிறகு புருஷன் பெயரைச் சேர்ப்பது வழக்கம், இங்கே பதியும்போது அப்பா பெயரைக் கேட்டிருக்கிறார்கள். இரண்டும் ஒரே ஆள்தான் என்று வருவாய் ஆய்வாளர் (ஆர்.ஐ.) எழுதிக் கொடுத்தார். நான்கு நாளில் தீர்ந்தது.

இரண்டாவதுதான் எங்களை ஆட்டிவைத்தது. அம்மா 1990 ஆகஸ்டில் இலங்கை மன்னாரில் உள்ள பேசாலையிலிருந்து படகில் வந்தவர். அந்த ஜூனில் சண்டை மறுபடி தொடங்கியிருந்தது. மண்டபம் முகாமில் பதிவு, அப்புறம் தென்மாவட்டத்தில் ஒரு முகாம். நான் அங்கே 1992-ல் பிறந்தேன். 2004-ல் அப்பாவின் பெயிண்டிங் வேலைக்காக முறைப்படி மாற்றல் வாங்கிப் புழலுக்கு வந்தோம். இங்குள்ள பதிவேட்டில் எங்கள் குடும்பத்துக்கு நேராக 2004 மட்டும்தான் இருந்தது. பழைய முகாமிலிருந்து வரவேண்டிய விவரம் ஏட்டில் ஏறவே இல்லை. "அம்மா, நீங்க இந்தியாவுக்கு வந்த தேதிக்கு என்ன ஆதாரம் இருக்கு?" என்று மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் கேட்டார். அவர் மரியாதையாகத்தான் கேட்டார். முப்பத்தைந்து வருஷம் இங்கே வாழ்ந்த பிறகும் அந்தக் கேள்விக்கு அம்மாவின் கை நடுங்கியதைப் பார்த்தேன்.

வந்த தேதி ஏன் இவ்வளவு முக்கியம் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. 2025 செப்டம்பர் 1 முதல் குடியேற்றம், வெளிநாட்டவர் பற்றிய புதிய சட்டம் நடைமுறைக்கு வந்திருக்கிறது. அதோடு வந்த விலக்கு ஆணையில், 2015 ஜனவரி 9 வரை இங்கே தஞ்சம் புகுந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்கு, பாஸ்போர்ட், விசா இல்லாததற்கான தண்டனைப் பிரிவுகள் பொருந்தாது என்று இருக்கிறது. இது குடியுரிமை இல்லை. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் மட்டும்தான், எங்கள் நாட்டின் பெயர் கிடையாது. நான் இந்த மண்ணில் பிறந்தவன். ஆனால் 1987 ஜூலை 1-க்குப் பிறகு பிறந்தவன், பெற்றோரில் ஒருவர்கூட இந்தியர் இல்லை, அதனால் பிறப்பால் குடிமகன் ஆக முடியாது. 1986-ல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண் நீதிமன்றம் போய் பாஸ்போர்ட் வாங்கி, 2024 தேர்தலில் ஓட்டும் போட்டார். ஆறு வருஷ வித்தியாசம்தான். அவருக்காக மனதாரச் சந்தோஷப்பட்டேன், அன்று இரவு தூக்கம் வரவில்லை.

சரி, தேதிக்கு வருகிறேன். பழைய முகாமுக்கு ஆள் மூலம் கேட்டனுப்பினேன், அந்த வருஷத்து ஏடு கிடைக்கவில்லை என்று பதில் வந்தது. பாரிமுனை வரை பஸ், அங்கிருந்து இன்னொரு பஸ் என்று சேப்பாக்கம் எழிலகத்தில் உள்ள மறுவாழ்வு ஆணையரகத்துக்குப் போனேன். மூன்றாவது முறை போனபோது அங்கிருந்த ஒரு மூத்த அலுவலர், "மாற்றல் உத்தரவோட நகல் இருக்கா தம்பி? அதுல முதல் பதிவு எண் இருக்கும்" என்றார். அந்த ஒரு வார்த்தையை யாராவது முதல் நாளே சொல்லியிருந்தால் ஐந்து வாரம் மிச்சமாகியிருக்கும்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கேட்டேன். "அதைத் துலைக்காமல் வைச்சிருக்கிறன் தம்பி" என்று கட்டிலுக்கு அடியிலிருந்த தகரப் பெட்டியை இழுத்தார். படகில் வந்தபோது கையில் இருந்த பெட்டி அது. ஞானஸ்நானச் சான்று, அப்பாவின் இலங்கை அடையாள அட்டை, அவற்றுக்கு அடியில் 2004 மாற்றல் உத்தரவு. மடிப்பில் கிழிந்திருந்தது, ஆனால் மண்டபம் பதிவு எண்ணும் தேதியும் தெளிவாகத் தெரிந்தன. நான்தான் அவரிடம் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். அலுவலகம் அலுவலகமாக ஓடினேனே தவிர, பெட்டியைத் திறக்கத் தோன்றவில்லை.

அந்த எண்ணை வைத்து எழிலகத்தில் பழைய பதிவைக் கண்டுபிடித்தார்கள். போலீஸ் உளவுப் பிரிவான கியூ பிராஞ்சிலிருந்து ஒருவர் வீட்டுக்கு வந்து விசாரித்தார், பக்கத்து வீட்டில் இரண்டு கேள்வி கேட்டார், அவ்வளவுதான். அடுத்த வாரம் சான்று கைக்கு வந்தது. கலெக்டர் அலுவலகத்துக் காப்பீட்டு மையத்தில் போட்டோவும் கைரேகையும் எடுக்கக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

வேறு முகாமிலிருந்து மாறி வந்த குடும்பங்கள் இதைப் படித்தால், நோய் வரும்வரை காத்திருக்காதீர்கள். பதிவேட்டில் உங்கள் வரிசையில் எந்த வருஷம் எழுதியிருக்கிறது என்று, முகாமில் ஆட்களைச் சரிபார்க்கும் அடுத்த தணிக்கை நாளில் ஆர்.ஐ.யிடம் கேட்டுப் பாருங்கள். மாற்றி வந்த வருஷம் மட்டும் இருந்தால், முதல் பதிவு எண்ணோடு மனு கொடுங்கள். மனு கொடுத்ததற்குக் கையெழுத்தும் தேதியும் போட்ட நகல் கேட்டு வாங்குங்கள். நான் முதல் மனுவுக்கு வாங்கவில்லை, மறுபடி எழுத வேண்டியதாயிற்று.

அம்மாவுக்கு டிசம்பர் முதல் வாரத்தில் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வார்டில் கண் விழித்ததும் அந்தத் தாளைத் திரும்பப் பெட்டியில் வைத்தாயா என்று கேட்டார். வைத்துவிட்டேன். தங்கை வரிசையிலும் 2004 என்றுதான் இருக்கிறது, திங்கட்கிழமை அவளுக்காக ஆர்.ஐ.யைப் பார்க்கப் போகிறேன்.