மூணு சிலிண்டர் சத்தம்

இன்னிக்குக் காலையில ஏற்காடு அடிவாரத்துல டீ குடிக்கிறப்போ ட்ரையம்ப் கம்பெனியோட ஸ்ட்ரீட் ட்ரிபிள் பைக் ஒண்ணு மலையேறிப் போச்சு. வண்டி மறைஞ்ச பிறகும் வளைவுக்கு வளைவு சத்தம் கேட்டுக்கிட்டே இருந்துச்சு. பார்க்காமலே சொல்லிடலாம், மூணு சிலிண்டர்னு.

காரணம் கிராங்க்ல, அதாவது பிஸ்டனோட ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியா மாத்துற தண்டுல இருக்கு. மூணு பிஸ்டனும் 120 டிகிரி தள்ளித் தள்ளி நிக்குது. கிராங்க் ரெண்டு சுத்து (720 டிகிரி) சுத்துறதுக்குள்ள மூணு சிலிண்டர்லயும் ஒவ்வொரு தடவை பெட்ரோல் எரியணும். அதனால 240 டிகிரிக்கு ஒருதடவை சமமா எரியும். சாதாரண நாலு சிலிண்டர்ல அது 180. ட்வினோட (ரெண்டு சிலிண்டர்) தடதடப்பும் இல்லாம, நாலு சிலிண்டரோட அலறலும் இல்லாம, உறுமலும் விசிலும் கலந்த குரல் அப்படித்தான் வருது.

பேலன்ஸ் இன்னும் அழகு! பிஸ்டன்கள் மேலும் கீழும் போறப்போ உண்டாகுற விசைகள் ஒண்ணையொண்ணு ரத்து பண்ணிடும். ஆனா ரெண்டு ஓரத்துப் பிஸ்டனும் ஒண்ணா ஏறி இறங்காததால, இன்ஜின் இந்தப் பக்கம் தூக்கி அந்தப் பக்கம் தாழ்ந்து ஆடப் பார்க்கும். அதை அடக்கத்தான் எதிர்த்திசையில சுத்துற பேலன்ஸர் ஷாஃப்ட்.

ஏற்காட்டோட 20 கொண்டை ஊசி வளைவுக்கு இதைவிடப் பொருத்தமான இன்ஜின் இல்லைன்னு நான் அடிச்சுச் சொல்வேன். வளைவு முடிஞ்சு ஆக்ஸிலேட்டரைத் திருகினா நடு ஆர்பிஎம்லயே இழுவை தயாரா இருக்கும்.

2019-ல இருந்து மோட்டோ2-ங்கிற உலக பைக் பந்தயத்துல (மோட்டோஜிபிக்கு அடுத்த பிரிவு) எல்லாருக்கும் ட்ரையம்போட 765 சிசி மூணு சிலிண்டர்தான். அதே கம்பெனி 2020-ல டைகர் 900 பைக்குக்கு கிராங்கை மாத்தி, எரியுற இடைவெளியைச் சமமில்லாம ஆக்கினாங்க. மண் ரோட்டுல டயர் பிடிமானம் கைக்குத் தெரியணுமாம். நியாயம்தான், ஆனா என் காதுக்கு அந்த 120 டிகிரிதான் வேணும்.

சேலத்துல யமஹா எம்டி-09 (அதுவும் மூணு சிலிண்டர் பைக்தான்) வச்சிருக்கவங்க இருந்தா சொல்லுங்க. மலையில அது எப்படி இழுக்குதுன்னு கேட்கணும்.