குழப்பம் இல்லை என்று சொன்ன பெண்

கேரளாவில் பாலக்காட்டுப் பக்கம் கஞ்சிக்கோட்டில் நான் வேலை பார்க்கும் கம்பெனியில் புது ஆட்களைச் சேர்த்துக்கொள்ளும் பொறுப்பு போன வருஷம் என்னிடம் வந்தது. வாளையாறு எல்லையைத் தாண்டி வருகிற நம்ம ஊர்ப் பிள்ளைகள் நிறைய, நானும் தமிழ், அதனால் சிரமமே இருக்காது என்றுதான் நினைத்தேன்.

கந்தேகவுண்டன்சாவடியிலிருந்து வந்த ஒரு பெண்ணுக்கு முதல் நாள் காலை முழுக்க பிஎஃப் வேலையிலேயே போனது. கோவையில் மில்லில் இருந்தபோதே அவளுக்கு பிஎஃப்புக்கான 12 இலக்க யுஏஎன் எண் இருந்தது. "இங்க கேரளாவாச்சே, புதுசு போடணுமாக்கா?" என்றாள். வேண்டாம், எந்த மாநிலத்துக்குப் போனாலும் அதே எண்தான், வேலையில் சேரும்போது கொடுக்கிற படிவம் 11இல் அதை எழுதினால் போதும். ஆனால் பாஸ்புக்கில் அப்பாவின் இனிஷியல் இருக்கிறது, ஆதாரில் இல்லை. நம்ம ஆட்களுக்கு எப்போதும் இடிக்கிற இடம் இது, அதனால் சேர வரும்போதே இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சம்பளம் 21,000 ரூபாய்க்குள் என்பதால் இஎஸ்ஐ மருத்துவக் காப்பீடும் உண்டு, அதற்கும் பழைய இஎஸ்ஐ எண்ணே போதும். அது சட்டென்று முடிந்தது.

அப்புறம் அவளை லைனில் விட்டேன். சூப்பர்வைசர் மலையாளி, நல்ல மனுஷர், தினமும் போய் "குழப்பம் ஒண்ணும் இல்லல்லோ?" என்று கேட்பார். இவளும் "குழப்பம் இல்லைங்க சேட்டா" என்பாள்.

மூன்றாம் நாள் கேன்டீன் படியில் ஒரு காலைச் சாய்த்துச் சாய்த்து ஏறினாள். உட்காரவைத்து ஷூவைக் கழற்றச் சொன்னேன். சாக்ஸ் குதிகாலில் ரத்தத்தோடு ஒட்டியிருந்தது. அவள் அளவான 5ஆம் நம்பர் ஷூ ஸ்டோரில் இல்லையென்று 7ஆம் நம்பரைக் கொடுத்திருக்கிறார்கள். ஏம்மா சொல்லவில்லை என்றால், "வேலை புரியுதான்னுதானேக்கா கேட்டாரு, புரிஞ்சுதுன்னேன்" என்கிறாள். மலையாளத்தில் குழப்பம் என்றால் பிரச்சினை. அவர் கேட்டது ஒன்று, இவள் பதில் சொன்னது வேறொன்று. வெள்ளம் என்றால் அங்கே தண்ணீர் என்று எல்லோருக்கும் தெரியும், அதில் யாரும் ஏமாறுவதில்லை. இந்த மாதிரிச் சொல்தான் நமக்கே தெரியாமல் காலை வாரிவிடுகிறது.

அன்றைக்கே பாலக்காட்டுக்கு ஆள் அனுப்பி ஷூ வாங்கிவந்தோம். இப்போது முதல் வாரம் முழுக்க நானே போய் ஷூ கடிக்கிறதா, கையுறை சரியாக இருக்கிறதா, எந்த பஸ்ஸில் வந்தாய், யாரோடு சாப்பிட்டாய் என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறேன். கூடவே சூப்பர்வைசரும் வருகிறார், "காலு வலிக்குதா?" என்று தமிழிலேயே கேட்கப் பழகிவிட்டார்.