ரொக்கமா, தவணையா: கார் வாங்கும் கணக்கு

ஜூன் 3
ஒப்பீட்டுக்கு ஒரே அளவு: கடன் 1,00,000, ஆண்டு வட்டி 9%, 60 மாதம். தவணை 2,076, மொத்த வட்டி 24,550. இதையே 36 மாதத்தில் முடித்தால் தவணை 3,180, வட்டி 14,479.

ஜூன் 4
ஷோரூம்களில் அடிக்கடி ஓதப்படும் வாதம் இது: கையிலுள்ள 1,00,000-ஐ 6% வைப்பில் போட்டால் ஐந்து வருடத்தில் 34,885 வட்டி வரும், கடனுக்குக் கட்டுவது 24,550தான், அதனால் கடனே லாபம். கேட்கச் சரியாகத்தான் இருக்கும். ஆனால் வைப்பைத் தொடாமல் மாதம் 2,076 எங்கிருந்து வருகிறது? சம்பளத்திலிருந்து. ரொக்கத்தில் வாங்கியவருக்கு அந்தப் பணம் மிச்சம். மாதாமாதம் அதே 6%-இல் போட்டுவந்தால் 60ஆம் மாத முடிவில் ஏறத்தாழ 1,44,830 சேரும். கடன் வாங்கியவர் கையில் 1,34,885. ஒப்பிட வேண்டியது வட்டித் தொகையை அல்ல, விகிதத்தை. அதுவும் வைப்பு வட்டிக்கு வரி போனபிறகு. மிச்சமாகும் தவணையைச் செலவழித்துவிடுபவருக்கு மட்டும் இந்தக் கணக்கு பொருந்தாது.

ஜூன் 6
'9% ஃபிளாட்' என்றால் அது 9% அல்ல. அசல் குறையக் குறைய வட்டி குறையாது. ஐந்து வருடமும் முழு 1,00,000-க்கே போடுவார்கள். வட்டி 45,000, தவணை 2,417. குறையும் நிலுவைக் கணக்கில் இது சுமார் 15.7%. வாங்குபவருக்கு இதை விளக்காமல் கையெழுத்து வாங்குவது அநியாயம்.

'0% வட்டி'யிலும் ஒரு கேள்வி உண்டு: ரொக்கத்துக்கு எவ்வளவு தள்ளுபடி? 8,000 என்றால், 36 மாத 0% கடனின் உண்மை வட்டி சுமார் 5.5%. செயலாக்கக் கட்டணம் இருந்தால் இன்னும் ஏறும்.

ஜூன் 9
ரொக்கம் மலிவு என்பதற்காகச் சேமிப்பை வழித்துக் கொடுக்கக் கூடாது. ஆறு மாதச் செலவுக்கான பணமும் முதலாண்டுக் காப்பீட்டுத் தொகையும் தனியே நிற்கட்டும். அதற்குமேல் இருப்பதை முன்பணமாகக் கொடுத்து, மீதிக்கு மட்டும் குறுகிய காலக் கடன் போதும். முன்பணமே இல்லாத 60 மாதக் கடனில் ஓராண்டு கட்டியபிறகும் 83,400 பாக்கி நிற்கும். அதற்குள் காரின் மதிப்பு அதற்குக் கீழே இறங்கியிருந்தால், விபத்தில் வண்டி முழுதாகப் போகும்போது காப்பீட்டுப் பணம் கடனை அடைக்காது.

ஜூன் 10
கையெழுத்துக்கு முன் முன்கூட்டியே அடைப்பதற்கான அபராத விதியைப் படியுங்கள். அடைப்பதாக இருந்தால் ஆரம்பத்திலேயே அடைப்பது நல்லது: முதல் தவணையில் 750 வட்டி, கடைசித் தவணையில் 15தான். கடன் முடிந்ததும் நிலுவையில்லாச் சான்று வாங்கி, பதிவு ஆவணத்திலிருந்து கடன் கொடுத்தவர் பெயரை நீக்க வேண்டும். இல்லையென்றால் வண்டியை விற்கும்போது பெயர் மாற்றம் அங்கேயே நின்றுவிடும்.